எங்கள் வீட்டில் யாரும் இளைப்பதுமில்லை, பெருப்பதுமில்லை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். எவ்வளவு நலம், போன தடவை பார்த்ததைவிடக் கூடவா குறைச்சலா என்று எழுத எங்கள் வீட்டில் இப்போது அனுமதியில்லை. அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்று எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'உம்' போடுவேன். அதைத் தாண்டி ஒரு வார்த்தை உள்ளே நுழைக்க இன்றுவரை எனக்கு வழி கிடைத்ததில்லை. உன் கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் நீ கண் ஆபரேஷனுக்கு வந்து ஒரு மாதம் எங்களோடு தங்கப் போவதில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். மகள் தன் அறையையே உனக்கு ஒழித்துத் தருகிறாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "அத்தை என் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாலும் அன்னிக்கே நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்ப்பா. அப்புறம் திரும்பிக் கூப்பிடாதீங்க." சொன்னால் செய்வாள், உன் ரத்தம் ஓடுகிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தபோது, புது உடுப்பு போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து, "கதவு ரெண்டையும் திறங்கடா, புள்ள உள்ள வரணும்" என்றாய். வீடே சிரித்தது. நீ மறந்திருப்பாய், அவள் மறக்கவில்லை. அதற்கப்புறம் நீ வரும்போதெல்லாம் அவளுக்குத் தவறாமல் தேர்வு வந்தது. போட்டோ எடுத்தால் எடுப்பவளாகவே இருந்துகொண்டாள். இருபது வயதுப் பெண்ணின் படம் ஆல்பத்தில் பதினெட்டோடு நின்றுபோயிருப்பது எனக்கு வலிக்கிறது அக்கா.

இந்த நிலைமையில்தான் கம்ப்யூட்டர் வழியாக ஒரு பயிற்சி வந்து சேர்ந்தது. இளம்பெண்கள் தங்கள் உடம்பைத் திட்டிக்கொண்டே இருக்காமல் அதோடு சமாதானமாகக் குடித்தனம் நடத்துவதற்கு ஆறு வாரப் பாடம். திரையில் ஒரு டீச்சர், அவரைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் பெண்கள். முதல் வாரமே வீட்டுப்பாடம் வீட்டுக்கே வந்துவிட்டது. இனி இந்த வீட்டில் யாரும் யாருடைய உடம்பைப் பற்றியும் பேசக்கூடாதாம். "நல்லதாக்கூட சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "இளைச்சுட்டேன்னு பாராட்டுனா, போன மாசம் குண்டா இருந்தேன்னுதானேப்பா அர்த்தம்?" என்றாள். நான் முப்பது வருஷம் லாரிகளை எடை மேடையில் ஏற்றி இறக்கியவன். எதிரே மனுஷன் வந்தாலே மனசு காலி எடை, பார எடை என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடும். என்னைப் போய் வாயை மூடு என்றால்?

மூடினேன். அப்புறம்தான் தெரிந்தது, நம் குடும்பத்தில் பேசுவதற்கு வேறு விஷயமே கிடையாது என்று! மச்சான் வந்தார். வழக்கமாக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் தொப்பையை விசாரிப்பார், பதிலுக்கு நான் அவர் வழுக்கையை விசாரிப்பேன், அதிலேயே காப்பி வந்துவிடும். அன்றைக்கு மகள் வாசலிலேயே விதியைச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டாள். மனுஷன் ரெண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். ஃபேனைப் பார்த்தார். "ஃபேன் நல்லா சுத்துதே" என்றார். "சுத்துது" என்றேன். சுவர்க் கடிகாரத்தையும் ஒரு ரவுண்டு பாராட்டியாகிவிட்டது. வேறு வழியில்லாமல், "ஆபீஸ் எப்படிப் போகுது மச்சான்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டார். அவரிடம் வேலை கற்றுக்கொண்டவனையே அவருக்கு மேலதிகாரியாகப் போட்டிருக்கிறார்களாம், நாலு மாசமாகத் தூக்கமில்லையாம். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு அவர் வழுக்கையைத்தான் தெரியும், அவரைத் தெரியாது.

இதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் குளித்துவிட்டு இடுப்புத் துண்டோடு மகளுக்குப் பின்னால் நடந்து போனேன். அவள் வகுப்பில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அத்தனை கட்டத்திலும் சிரிப்பு. ஓடப் போனவனை டீச்சரம்மா, "அப்பாவும் உட்காரட்டுமே" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார். "சார், உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். வாய் சும்மா இருக்குமா? "காலி எடையா, பார எடையா மேடம்?" என்றுவிட்டேன். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் நானும் மாணவனாகிவிட்டேன். எனக்கும் வீட்டுப்பாடம்: கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு உறுப்புக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் ஆரம்பித்தேன். "இத்தனை வருஷம் என்னைத் தாங்கினியே, உன்னை ஒரு நாளாவது நல்லா கவனிச்சேனா? இனிமே தினமும் உனக்காக நேரம் ஒதுக்கறேன், சரியா?" என்று நெகிழ்ந்து சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியே என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "யாரு அவ?" என்றாள். "முழங்கால்" என்றேன். உலகத்தில் எந்தப் புருஷனும் சொல்லாத பதில். நம்பவில்லை. போனை வாங்கிப் பார்த்தாள், அப்புறம் குளியலறை ஜன்னலையும் பார்த்தாள். மகள் வந்து பாடத்தைக் காட்டி விளக்கிய பிறகுதான் சாப்பாடு கிடைத்தது. அதிலும் ஒரு குத்தல்: "முப்பது வருஷமா தாங்கினது நான், நன்றி முட்டிக்கா?"

கூத்தாக இருந்தாலும் பலன் இருக்கிறது அக்கா. மகள் இப்போது கூடத்தில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடுகிறாள். பாட்டுக்கூடப் பாடுகிறாள். இது கெட்டுவிடக்கூடாது என்றுதான் பயப்படுகிறேன். ஆபரேஷன் முடிந்ததும் உனக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நாக்கு அரித்தால் அவள் படிப்பைக் கேள். பாலம் கட்டும் படிப்பு. வெறும் அட்டையை வெட்டி ஒட்டி ஒரு பாலம் செய்திருக்கிறாள், அதன்மேல் என் வீட்டுக்காரியின் தையல் மெஷினே நிற்கிறது. அதைப் பார்த்து வாயைப் பிள. அதற்கும் மேலே அரித்தால் என்னைச் சொல்லு, என் தொப்பையை ஒரு மாதத்துக்கு உன் பேரில் எழுதித் தருகிறேன். உனக்குப் புத்தி சொல்லும் தைரியம் எனக்கில்லை, காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். இப்போதுதான் அவள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கண்ணுக்குச் சீக்கிரம் வெளிச்சம் வரட்டும், எங்களுக்கு உன் ஆசி எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் இன்னும் பயப்படும் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் மகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அழுதாள். பிறகு சொன்னாள். அவள் வகுப்பில் முகம் காட்டாமல் எழுத்தில் மட்டும் பேசும் ஒருத்தி இருந்தாளாம். புனைபெயர் சிட்டு, வயது இருபத்திரண்டு. சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் தன்னைக் 'கரிச்சட்டி' என்றே கூப்பிட்டார்கள் என்றும், அதனால் அடுத்தவர் சொல்வதற்குள் தான் முந்திக்கொண்டு யாரையாவது சொல்லிவிடும் பழக்கம் வந்துவிட்டது என்றும் எழுதினாளாம். அப்படி ஒரு பெண்ணைச் சபையில் சொல்லிவிட்டேன், இப்போது நான் வந்தாலே அவள் வீட்டில் இருப்பதில்லை, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கேட்டாளாம். "நேர்ல போய் அவகூட கொஞ்ச நாள் இரு சிட்டு, அவ மன்னிச்சுடுவா" என்று பதில் எழுதியவள் என் மகள்தானாம். நேற்றுக் கடைசி வகுப்பு. எல்லோரும் குரல் கொடுக்க வேண்டும் என்றார்களாம். "ஏங்க, இந்த எழவை எங்க அமுக்கணும்?" என்று ஒரு குரல் கேட்டதாம். அந்தக் குரலை இவளுக்குத் தெரியாதா? அந்த வகுப்பில் சேரும் இணைப்பை உனக்கு அனுப்பியது என் வீட்டுக்காரிதான் என்று இப்போதுதான் ஒப்புக்கொள்கிறாள்.

எனக்கு மூத்தவளுக்கு இருபத்திரண்டு என்றால், நான் லாரி எடை போட்டது எந்தப் பிறவியில் என்று தெரியவில்லை. போகட்டும். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை, மகள் வருகிறாள். வந்து இறங்கியதும் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாமாம் சிட்டு. அன்றைக்கே கேட்டாகிவிட்டதாம், அன்றைக்கே கொடுத்தும் ஆகிவிட்டதாம்.