பேப்பர் தங்கம் லீவு போட்ட நாள்

அடுத்தவர் கார் வாங்கினால் தாங்கிக்கொள்ளலாம். வீடு வாங்கினால், அங்கே தண்ணீர்க் கஷ்டம் என்று யாராவது சொல்லும்வரை காத்திருக்கலாம். ஷட்டகருக்கு லாபம் வருவதை மட்டும் மனிதப் பிறவியால் சகிக்க முடியாது. (ஷட்டகர் என்றால் மனைவியின் அக்கா புருஷன். மாமனார் வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து நம் மானத்தை வாங்குபவர்.)

என் ஷட்டகர் ரமணி, பம்பாய்க்கு அடுத்த வாஷியில் இருப்பவர். ஒருநாள் தம்பதியாக எங்கள் செம்பூர் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வாங்குவதற்குள் போனை நீட்டினார். திரையில், போட்ட பணம் எதில் எத்தனை சதவீதம் என்று வண்ண வண்ணத் துண்டுகளாக ஒரு வட்டம்.

“அறுபது ஈக்விட்டி ஷேர், இருபத்தஞ்சு பாண்டு, பதினஞ்சு கோல்டு. அலொகேஷன்தான் ஸார் முக்கியம். உங்களோடது எப்படி?”

என்னுடையது எல்லாமே எஃப்.டி. வட்டம் போட்டால் ஒரே நிறத்தில் தோசை மாதிரி இருக்கும்.

“கோல்டுன்னா நகையா?” என்று பேச்சை மாற்றினேன்.

“சே, பேப்பர் கோல்டு! போன்ல வாங்கி போன்லயே விக்கலாம். தங்கத்தை லாக்கர்ல தூங்க விடறவன் ஏக்தம் பேவகூஃப், சுத்த முட்டாள்.”

“அத்திம்பேருக்குத்தான் எவ்வளவு விவரம்!” என்று என் மனைவி மைதிலி சமையலறையில் அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் லாக்கரிலும் மைதிலியின் பழைய வளையல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் அண்ணா பெண் காயத்ரியின் வளைகாப்புக்கு, அத்தை முறைக்கு அவற்றை மாற்றிப் புது வளையல் போடவேண்டும் என்று எடுத்து வைத்தவை.

“பேப்பர்ல போட்டா அதுவரைக்கும் வளரும். வேணுங்கறப்போ வித்து வளையல் வாங்கிக்கலாம்” என்றேன்.

“அத்திம்பேர் சொன்னாரா?”

“ஆமாம்.”

உடனே கொடுத்துவிட்டாள். (என் பேச்சை மட்டும் நம்பிக் கொடுத்திருந்தால் வயிறு கொஞ்சம் ஆறியிருக்கும்.)

வளையல்கள் விலைபோய்ப் பேப்பர் தங்கமாயின. வளைகாப்பு நெருங்கியது. தங்கமும் ஏறிக்கொண்டே போனது. என் வட்டத்தின் மஞ்சள் துண்டு ரமணியினுடையதைவிடப் பெரிதாகும் வரை விற்பதில்லை என்று இருந்தேன். மற்ற வண்ணங்களும் வேண்டுமே என்று எஃப்.டி.யை உடைத்துப் பேங்கையும் துடைத்திருந்தேன். விழா அன்று மாட்டுங்கா ஹாலுக்குப் போகிற வழியில் தங்கத்தை விற்று, கடையில் வளையல் வாங்கிவிடலாம் என்பது திட்டம்.

டாக்ஸியில் பொத்தானை அழுத்தினேன். மார்க்கெட் மூடியிருக்கிறது என்றது போன். ஞாயிற்றுக்கிழமை! பம்பாயில் ஆபீஸ் போகிற எங்கள் ஜனம் வளைகாப்பு, பூணூல் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கும். என் தங்கமும் அன்றைக்குத்தான் லீவு.

மைதிலியிடம் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. ஹாலில் எல்லார் முன்னாலும் அவள் கையை நீட்டினாள்.

“ஏன்னா, வளையலை எடுங்கோ.”

போனைக் கொடுத்தேன். “இதுலதான் இருக்கு.”

“செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம் அத்தை” என்றாள் காயத்ரி, நீட்டிய கையோடு.

மைதிலிக்கு விஷயம் புரிந்தது. கண் கலங்கியது. அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அக்கா கைப்பையிலிருந்து கெட்டியாக ஒரு ஜோடி வளையல் எடுத்தாள். ஒன்றை மைதிலியின் கையில் வைத்து, “நீ ஒண்ணு போடு, நான் ஒண்ணு போடறேன்” என்றாள்.

“நீங்க எல்லாத்தையும் பேப்பர்ல இல்ல வெச்சிருந்தேள்?” என்று ரமணியின் காதைக் கடித்தேன்.

“அது இன்வெஸ்ட்மென்ட் ஸார்! ஆத்துக்காரி நகை எந்த அலொகேஷன்லயும் வராது. அதைத் தொட்டா என்னை வாசல்லயே நிறுத்திடுவா!”

மானத்தைக் காப்பாற்றிய மனிதரைப் பார்த்து நிம்மதியாகப் பொறாமைப்படவும் முடியவில்லை. ஆனாலும் பட்டேன்.

அந்த வாரமே விற்று, இன்னும் கனமான வளையலாக வாங்கிக் காயத்ரிக்குக் கொடுத்தேன். அது ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவள் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு ரமணி தங்கத் தாத்தா. நான் பேப்பர் தாத்தா.

போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், கீழே வாட்ச்மேனிடமும் என்னை அப்படியே ஹிந்தியில் அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் அவர் என்னை நிறுத்தி, நாளையிலிருந்து தனக்கும் ஒரு மராட்டிப் பேப்பர் போட முடியுமா என்று கேட்டார்.