இரவல் பிக்கப்பின் சிவப்பு லைற்

சிவப்பு லைற்றை முதலில் கண்டது மார்கிறட்தான். விசுவமடுச் சந்தி தாண்டி ஒரு மைல்கூடப் போயிருக்காது.

"இஞ்சேருங்கோ, இதிலை ஒரு லைற் எரியுது. வெளிக்கிடேக்கையும் எரிஞ்சதோ?"

பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் அல்பேர்ட் எட்டிப் பார்த்தார். வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், புழுதி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு வெளிச்சம். அவருடைய கால் தானாகப் பிரேக்கில் போய் நின்றது. வெளிக்கிடும்போது எரிந்ததா என்று அவர் கவனிக்கவில்லை. இப்போதுதான் பற்றியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார். பயந்த மனிதர்கள் கெட்ட முடிவுகளைத்தான் கெதியாகக் கட்டுகிறார்கள்.

சொந்த வாகனமென்றால் இவ்வளவு பயம் வந்திருக்காது. அது வீரபாகுவின் பிக்கப். அந்தப் பக்கத்தில் ஓடக்கூடிய நிலையில் இருந்த ஒரே பிக்கப். பாம்பு கடித்தவர், பிள்ளைப்பேற்றுக்காரி, நெல் மூட்டை எல்லாம் அதில்தான் போகவேண்டும். யுத்தத் தடையால் பெற்றோல் மணந்து பார்க்கவும் கிடைக்காத அந்த வருஷங்களில் அது மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது. கேட்டவர்களுக்கு வீரபாகு இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் பின்கதவில் ஒரு கீறல் போட்டதற்காகச் சொந்தத் தம்பியோடு இரண்டு வருஷம் கதைக்காமல் இருந்த மனிதர்.

அதோடு, அல்பேர்ட் குடும்பம் குடியிருந்ததே வீரபாகுவின் காணியில்தான். முல்லைத்தீவுக் கரையை விட்டு ஓடிவந்தபோது அவர்களிடம் மிஞ்சியது வள்ளத்து எஞ்சினும் உடுத்திருந்த உடுப்பும். வளவின் மூலையில் கொட்டில் போட இடம் கொடுத்தவர் வீரபாகு. அடுத்த மாதம் மகள் ஆன்சலாவுக்குக் கலியாணம். அவளுக்கென்று தண்ணீரூற்றில் மார்கிறட்டின் தமையன் வைத்திருந்த அலுமாரியை ஏற்றிவரத்தான் இந்தப் பயணம். பிக்கப்பைக் கெடுத்துவிட்டு, கொட்டிலையும் பிரித்துக்கொண்டு, கலியாணப் பெண்ணோடு எந்தக் காட்டுக்குப் போவது?

"இப்பிடியே திருப்பிக் கொண்டுபோய் அவரிட்டைக் குடுத்திடுவம்" என்றாள் மார்கிறட்.

"எரியிற லைற்றோடை குடுத்தால் நான்தான் பழுதாக்கினதெண்டு நினைப்பார். அணைச்சுப்போட்டுக் குடுப்பம்."

அன்றைக்கு அந்த வாகனத்துக்குள் பேசப்பட்ட ஒரே புத்தியான பேச்சு மார்கிறட் சொன்னதுதான். அதை அத்தோடு கைவிட்டார்கள்.

அல்பேர்ட்டுக்கு வள்ளத்து எஞ்சின் அத்துப்படி. அதற்கு எந்த வருத்தம் வந்தாலும் மருந்து ஒயில்தான். பொத்திப் பொத்தி வைத்திருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த ஒரு போத்தல் ஒயிலை முழுவதுமாகப் பிக்கப்பின் வாய்க்குள் கவிழ்த்தார். லைற் அணையவில்லை. எஞ்சினை முறுக்கினால் பின்பக்கத்தால் நீலப்புகை கிளம்பி மரங்களுக்கு மேலே போனது.

அந்த நேரம் பார்த்து வானத்தில் குண்டுபோடும் கிபீர் விமானத்தின் சத்தம் கேட்டது.

இருவரும் தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார்கள். மார்கிறட் செபமாலையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அல்பேர்ட் பிக்கப்பைப் பார்த்தார். சத்தம் இன்னும் தலைக்கு மேலேயே நிற்க, அவர் எழும்பிக் குனிந்தபடி ஓடினார். எஞ்சினை நிற்பாட்டிப் புகையை மறைக்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்து மார்கிறட் கண்ணீர் விட்டாள். அவர் ஓடியது லைற் அணைந்துவிட்டதா என்று பார்க்க. அணையவில்லை. விமானம் போய்விட்டது, பயம் போகவில்லை.

புகைத்துக்கொண்டே போய்ச் சிவராசாவின் கடையடியில் நிறுத்தினார்கள். சிவராசா சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிறவர். பிக்கப் எஞ்சினை அவர் ஒருநாளும் கழற்றியதில்லை. தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. லைற்றை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒயில் பம்ப் வேலை செய்யவில்லை என்று அறிவித்துவிட்டு வாகனத்துக்குக் கீழே புகுந்தார்.

அடித்தட்டைக் கழற்றும்போது, ஒயில் கசியாமல் இடையில் வைத்திருந்த பாக்கிங் கிழிந்துபோனது. வன்னி முழுக்கத் தேடினாலும் புதுப் பாக்கிங் கிடையாது. கடையில் தொங்கிய கலண்டரின் முருகன் மட்டையை வெட்டிச் சிவராசா ஒரு பாக்கிங் செய்தார். மார்கிறட் அந்தோனியாரோடு அன்றைக்கு முருகனையும் சேர்த்துக்கொண்டாள். பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால், லைற் அப்படியே எரிந்தது. புதிதாகக் கீழே ஒயிலும் ஒழுகியது.

"பேசாமல் பல்ப்பைக் கழட்டி விடுவமோ அண்ணை?" என்று சிவராசா மெதுவாகக் கேட்டார்.

"இருக்க இடம் தந்த மனிசனுக்கு நான் களவு செய்யமாட்டன்."

அந்த நேர்மைதான் மிச்சத்தையும் கெடுத்தது. கீழே சரியென்றால் பிழை மேலேதான் என்று சிவராசா எஞ்சினின் தலையைத் திறந்தார். இரண்டு ஆணிகள் முறிந்தன. ஆணியின் சுரை ஒன்று உள்ளே விழுந்தது. அதை எடுக்க இன்னும் நாலைந்து சாமான்களைக் கழற்ற வேண்டியிருந்தது. பின்னேரமாகும்போது எஞ்சினில் பாதி ஒரு சாக்குக்குள் கிடந்தது. அல்பேர்ட் சாவியைத் திருப்பினார். லைற் முன்னைவிட வடிவாக எரிந்தது.

"எனக்கு இது விளங்கேல்லை அண்ணை" என்றார் சிவராசா. வாழ்க்கையில் முதல் தடவை.

மாட்டு வண்டியில் கட்டித்தான் பிக்கப்பை இழுத்து வந்தார்கள். வழியில் ஒருவரும் சிரிக்கவில்லை. செத்தவீட்டைப் பார்ப்பதுபோல வேலியடியில் வந்து நின்றார்கள். ஒரு கிழவர் துவாயைத் தோளிலிருந்து எடுத்தார். அல்பேர்ட்டுக்கு அழுகை வந்தது.

ஒழுங்கை முடக்கிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அவர் கொட்டிலுக்குப் போனார். சாக்கால் மூடி வைத்திருந்த வள்ளத்து எஞ்சினைத் தோளில் தூக்கினார். கடலுக்கு ஒருநாள் திரும்பிப் போவோம் என்று அவர் நம்பியதெல்லாம் அந்த எஞ்சினை வைத்துத்தான். இதைக் கொடுத்தாலாவது வீரபாகு வளவை விட்டு எழும்பச் சொல்லாமல் விடுவாரோ என்று ஒரு நப்பாசை. மார்கிறட் பின்னால் வந்தாள்.

வீரபாகு வயலுக்குப் போயிருந்தார். முற்றத்தில் செத்தல் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த அவருடைய மனைவி கமலேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணை, வள்ளத்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வாறியள்? பிக்கப் எங்கை?"

அல்பேர்ட் எஞ்சினை அவளுக்கு முன்னால் இறக்கி வைத்தார். வழி நெடுக மனப்பாடம் செய்துவந்த மன்னிப்பை விட்டுவிட்டு லைற்றிலிருந்து தொடங்கினார்.

"தங்கச்சி... போற வழியிலை அதிலை சிவப்பு லைற் பத்திட்டுது."

கமலேஸ்வரி மிளகாய்க் கையை உதறிவிட்டுச் சிரித்தாள்.

"அதுக்கே இப்பிடி வேர்த்து நிக்கிறியள்? அதுக்கும் எஞ்சினுக்கும் ஒரு தொடுப்பும் இல்லை அண்ணை, இரவல் கொண்டுபோறவை பயந்து கெதியாக் கொண்டுவந்து விடட்டும் எண்டு இவர் சும்மா பூட்டி வைச்ச லைற் அது."