ஆயக்குடிக்கு நெஞ்சை நிமிர்த்திப் போன கதை

பூண்டி,
ஞாயிறு காலை

அன்பும் பண்பும் மிகுந்த மைத்துனர் சிவமுருகன் அவர்களுக்கு, உங்கள் அக்காளைக் கட்டிய நல்லுசாமி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்காள், மகன் பிரசாந்த், புதிதாக வந்திருக்கும் செவலைப் பசு எல்லோரும் நலம். போனில் திட்டினால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம்.

மலையில் பூண்டு பயிர் போடுகிறவனுக்குப் பெண் கொடுக்க இந்தக் காலத்தில் ஆளில்லை. முப்பத்து நாலு வயதுப் பையனை வைத்துக்கொண்டு நான் தூக்கமில்லாமல் கிடக்கையில், "நீங்க ஒடுங்கிப் போய் நுழையிறீங்க மாமா, அதான் யாரும் மதிக்கல" என்றீர்கள். கொடைக்கானல் ஓட்டல் சிப்பந்திகளுக்கு நடை கற்றுக்கொடுக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செருப்பு என்றதும் நினைவு வருகிறது, குனியவே கூடாது என்றீர்களே, அப்புறம் செருப்பை எப்படிக் கழற்றுவது? ஆயக்குடியில் பெண் வீட்டுக்குள் செருப்போடுதான் போனேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே வாசலை அடைத்து நின்று ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்தேன். பின்னாலிருந்து உங்கள் அக்காள், "வெரசா உள்ள போங்க, வெயிலு மண்டையப் பொளக்குது" என்று முதுகில் குத்தினாள். பெண்ணின் அப்பா குழந்தைவேலு கும்பிட்டார். அதற்கும் உங்கள் பாடப்படி, கும்பிட்ட கையைப் பிரித்து இழுத்து, ஐந்து விரலையும் இறுக்கிப் பிடித்து, கண்ணைப் பார்த்துச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து என் சால்வை நழுவி இரண்டு பேர் கையையும் மூடிவிட்டது. அவர் மாட்டுத் தரகர், துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசிப் பழகியவர். உள்பக்கம் திரும்பி மகளிடம், "தாயி லாவண்யா, செவலைய அவுத்து விடு, அய்யா கூடுதல் வெலைக்கே முடிச்சுட்டாரு" என்றார்.

கொடுத்த கையை மாற்றினால் அப்புறம் எவன் பெண் கொடுப்பான்? வாங்கிவிட்டேன். விலையைக் கேட்காதீர்கள். சரி, பெண் விஷயம் என்று ஆரம்பித்தேன். "ஒரு நாளைக்கு ஒரு பேச்சுத்தாங்க முடிக்கிறது, ரெண்டாவது பேசுனா வெளங்காது" என்று எழுந்துவிட்டார். குட்டியானை வண்டியில் உங்கள் அக்காள் முன்னால், நானும் மாடும் பின்னால். வழியெல்லாம் அழுகையாக வந்தது, மாப்ள. இனி என் மகன் கல்யாணத்தில் நீங்கள் தலையிட வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
நல்லுசாமி

பி.கு: கடிதம் தபாலில் போடாமல் பத்து நாள் கிடந்துவிட்டது, மேலே உள்ளதை அடித்துவிட்டுப் படிக்கவும். செவலை தீனி எடுக்குதா என்று தினமும் பிரசாந்துக்குப் போன் செய்துகொண்டிருந்த லாவண்யா, கட்டினால் இவரைத்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டதாம். வெள்ளிக்கிழமை நிச்சயம், குடும்பத்தோடு வந்துவிடுங்கள். பெண் வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் கும்பிட்ட கையைப் பிரிக்காதீர்கள். சம்பந்தி தொழுவத்தில் இன்னும் ஒரு எருமை நிற்கிறது.