ஆறு விழ வைக்கும் சந்தா

பகடை விளையாட்டுக்கு மேசைகளை வாடகைக்கு விடும் அந்த மாடி அறையில் அன்று நிற்க இடமில்லை. பகடைச் சித்தர் நேரில் வருகிறார். இதுவரை கைப்பேசித் திரையில் மட்டுமே அருளியவர். மாதச் சந்தா கட்டினால் போதும். திரைக்கு எதிரே உங்கள் பகடையை வைக்கலாம், அவர் கண்ணை மூடி ஊதுவார். அருள் இணையம் வழியே வந்து சேரும். இணைப்பு மோசமானால் விட்டு விட்டு வரும் போல.

முன்வரிசையில் ஒரு லாரி மெக்கானிக், பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். அவரும் அவர் தங்கையும் சிறுவயது முதல் ஒரே மேசையில் விளையாடியவர்கள். சந்தா கட்டிய பிறகும் ஏன் தோற்கிறேன் என்று முன்பொருநாள் திரையில் அவர் கேட்டதற்கு, "சந்தா கட்டாதவங்க மூச்சு பட்டா பகடை கெட்டுடும்" என்றார் சித்தர். அன்றே தங்கையின் நாற்காலி போனது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள், இன்று அழைக்காமலே வந்து பின்னால் நின்றாள்.

சித்தர் தன் பகடையை உருட்டினார். ஆறு. மறுபடியும் ஆறு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆண்டுச் சந்தாவுக்கு மாறுங்க. உங்களுக்கும் இப்படித்தான் விழும்."

தங்கை முன்னால் வந்தாள். "ஐயா, எங்க அண்ணன் பகடையை மாசக்கணக்கா ஊதியிருக்கீங்க. அதை நீங்க போடுங்க. உங்களோடதை நான் போடறேன்."

"நீ சந்தா கட்டினவளா?"

"இல்லைங்க. அப்ப எனக்கு ஆறு விழக் கூடாதே, பாத்துடலாம்."

அவள் மூக்குடைபடுவதைப் பார்க்கக் கூட்டத்துக்கும் ஆசை. "போடுங்க சாமி" என்றார்கள். சித்தருக்கு வேறு வழியில்லை.

அவர் போட்டது இரண்டு. அடுத்தது ஒன்று. "நெட் ஸ்லோவா இருக்கும்" என்றார் ஒரு பக்தர்.

அவள் போட்டாள். ஆறு. ஆறு. மறுபடியும் ஆறு.

"அதுல என் அருள் நிரம்பியிருக்கு" என்றார் சித்தர்.

"எங்க அண்ணன் பகடையில நிரப்பத்தானே சந்தா வாங்கினீங்க?"

மெக்கானிக் எழுந்தார். சித்தரின் பகடையை எடுத்து, இடுப்புப் பையிலிருந்த குறடால் நெரித்தார். பிளாஸ்டிக் பிளந்தது. ஒற்றைப் புள்ளி இருந்த பக்கத்தில், ஆறை எப்போதும் மேலே நிறுத்தும் ஈயத் துண்டு. அதை மேசையில் வைத்துவிட்டு, தன் நாற்காலியைத் தங்கை பக்கம் தள்ளினார்.

"நீ உக்காரும்மா."

சித்தர் அதற்குள் படியிறங்கியிருந்தார்.

"வேற நல்ல சித்தர் யாராவது ஆன்லைன்ல இருக்காங்களா?" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மெல்ல விசாரித்துக்கொண்டிருந்தார்.

இருப்பார்கள் ஐயா, நிறையவே இருப்பார்கள். நீங்கள் ஒருமுறை மூளையையும் உருட்டிப் பாருங்கள். அதற்கு யாரும் சந்தா கேட்பதில்லை.