பறந்தால்தான் குற்றம்

சுவாசிக்கும் காற்றை எவர் வேண்டுமானாலும் புகையடித்துக் கெடுக்கலாம். ஆனால் கண்ணுக்கே தெரியாமல் போகும் ரேடியோ அலை இருக்கிறதே, அதன்மீது ஒரு தூசி விழாமல் காப்பதற்கென்றே மகத்தான அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதன் பெருமை அறியாமல்தான் பல் டாக்டர் அதுவரை வாழ்ந்துவந்தார்.

அவரும் வெளிநாட்டிலிருந்த மைத்துனனும் கூட்டாக ஒரு குட்டி விமானம் செய்தார்கள். உடம்பும் இறக்கையும் இங்கே, டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். "பல்லு புடுங்கறவருக்கு ரெக்கை எதுக்கு?" என்று மனைவி கேட்டபோதும் அவர் உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ரிமோட் அங்கே வாங்கியது. விடுமுறைக்கு வந்த மைத்துனன் பெட்டியைத் திறக்கும்போதே சொன்னான்: "அத்தான், நான் கிளம்பறதுக்குள்ள ஒரு தடவையாவது பறக்க விட்டுடணும்."

விட்டிருக்கலாம். ஒரு காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் டாக்டர் ஒழுங்கானவர். அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும் என்று எங்கோ படித்துத் தொலைத்திருந்தார்.

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம் மாப்ளே."

ஓணான் வேலியில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைத் தேடிக்கொண்டு போனார்கள்.

அந்த அலுவலகத்து அதிகாரி ரிமோட்டைத் திருப்பி, அடியிலிருந்த எண்ணைப் பார்த்தார். அவர் முகம் "கவலைக்கிடம்" ஆனது.

"இந்த அலைவரிசை அவங்க நாட்டுல விளையாட்டுக்கு. நம்ம நாட்டுல தடை."

"நம்ம நாட்டுக்கு ஏத்த ரிமோட் எங்க சார் கிடைக்கும்?"

"வெளிநாட்டுலேர்ந்துதான் வரவழைக்கணும்."

"அவங்க, அவங்க அலைவரிசையிலதானே செய்வாங்க?" என்றான் மைத்துனன்.

"அது அவங்க அறியாமை."

"சரி சார், பறக்க விடல. கொடுங்க, கிளம்பறோம்" என்று டாக்டர் கையை நீட்டினார்.

"எப்படிக் கொடுக்கறது? குற்றத்தை நிரூபிக்க வேண்டாமா? இதை அமுக்கி விமானம் பறந்தாத்தான் குற்றம். விமானத்தையும் கொண்டாங்க."

டாக்டர் ஒழுங்கானவர் என்றேனே. துணியில் சுற்றி, குழந்தையைப்போல் ஏந்திக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தினமும் போய்க் கேட்டார்கள். "விசாரணை நடக்குது" என்றே பதில் வந்தது. மைத்துனன் புறப்படவேண்டிய நாளன்று, கடைசியாக ஒருமுறை கேட்டுப்பார்க்கலாமென்று இருவரும் அலுவலக வாசலில் போய் நின்றார்கள். அப்போது மொட்டைமாடியிலிருந்து ஜிவ்வென்று எழும்பியது விமானம். வெயிலில் இறக்கை மின்ன, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வட்டமடித்தது. மாடி நிறைய ஊழியர்கள் கைதட்டிக் குதித்துச் "சாட்சியம்" திரட்டிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். "நம்ம ரெக்கை மாப்ளே... துளி ஆடல பாரு."

மைத்துனனுக்குப் பொறுக்கவில்லை. "சார்! ஒரே ஒரு தடவை நான் விட்டுப் பாக்கறேனே!"

"நீங்க விட்டா குற்றம்" என்று மேலிருந்து அதிகாரியின் குரல் வந்தது. "நாங்க விட்டா விசாரணை."

"அது எப்போ சார் முடியும்?"

விமானம் தள்ளாடி மாடியில் இறங்கியது. அதிகாரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கருணையோடு கீழே பார்த்தார்.

"பேட்டரி தீந்துபோச்சு. சார்ஜர் உங்க வீட்டுலதானே இருக்கு? ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க. விசாரணைக்கு ஒத்துழைக்கலைன்னா, அது தனிக் குற்றம்."