பல்சக்கரத்துக்கு வச்ச பொட்டு

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். முக்கியமா சோம்பேறித்தனம். அதோட நான் ஒம்போதாவதுல ரெண்டு தடவ உக்காந்து பாத்துட்டு, சரிப்படாதுன்னு எந்திரிச்சு வந்தவன். எந்த 'ல' போடுறதுன்னு யோசிக்கிற நேரத்துல ஒரு கார்ப்பரேட்டரையே கழட்டி மாட்டிடுவேன். ஆனா ரியாஸ் இந்தக் கதைய சார்ஜால அவன் ரூம்ல இருக்குற எட்டுப் பேருக்கும் நடிச்சே காட்டிருக்கான். அதுல மூணு பேரு மலையாளி. அவனுங்க எனக்கு வாட்ஸப்புல சிரிக்கிற பொம்மையா அனுப்புறானுங்க. கேரளா வரைக்கும் மானம் போனதுக்கப்புறம் சொந்த ஊர்ல எதுக்கு மூடி மறைக்கணும்? அதான் எழுதுறேன்.

முதல்லயே ஒத்துக்கிறேன். எனக்கு ரியாஸ் மேல பொறாமை. ஒண்ணாப்புலேர்ந்து கூடப் படிச்ச சிநேகிதன்தான், உயிரக் குடுப்பேன்தான். ஆனா பொறாமை. நாலு வருஷமா சார்ஜால பைக் மெக்கானிக்கு. லீவுல வந்தா வீட்டுல உக்கார மாட்டான். வரிச்சிக்குடி ரோட்டுல இருக்குற என் கடைக்கு வந்துடுவான். "சும்மா டைம்பாஸ் மாப்ள"ம்பான். எனக்கு மூணு நாள் தண்ணி காட்டுன வண்டி, அவன் டைம்பாஸ் பண்ண பத்து நிமிஷத்துல ஸ்டார்ட் ஆயிடும். எங்கம்மா அவனப் பாத்தா, "வாப்பா ரியாஸு, டீ போடவா?" என்னப் பாத்தா, "கைய கழுவிட்டு உள்ள வா." கடை நாய் ஒண்ணு இருக்கு. மூணு வருஷமா நான் பொறை போட்டு வளத்த நாய். அவன் வண்டி சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னு வாலாட்டும். நான் வந்தா ஒரு கண்ணத் திறந்து பாத்துட்டு மூடிக்கும்.

இப்படி இருக்கையில முசே வந்தாரு. (முசேன்னா பிரெஞ்சுல ஐயா மாதிரி. அவரு பேரு எனக்கே தெரியாது, ஊருக்கே அவரு முசேதான்.) அவங்கப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. அவரு வாங்கிப்போட்ட கறுப்பு மோட்டார் சைக்கிள் அம்பது வருஷத்துக்கு மேல ஆயி, கார் ஷெட்டுல கோழி அடையிற கூடாயிடுச்சு. அத வேன்ல ஏத்திக்கிட்டு நேரா என்கிட்ட வந்தாரு. ரியாஸ்கிட்ட இல்ல, என்கிட்ட. இந்த வரிய ரெண்டு தடவ படிச்சுக்குங்க, ஏன்னா எனக்குப் பெருமையான விஷயம் இந்தக் கதையில இது ஒண்ணுதான்.

"சுகு, கல்யாணமான அன்னிக்கு இந்த வண்டியிலதான் மதாம கடற்கரைக்கு கூட்டிட்டுப் போனேன். இந்த வருஷம் கல்யாண நாளு விஜயதசமி அன்னிக்கே வருது. மறுபடி ஒரு தடவ கூட்டிட்டுப் போகணும்ப்பா. அவளுக்கு முட்டி போயிக்கிட்டே இருக்கு. அடுத்த வருஷம் வண்டியில ஏறுவாளான்னு தெரியல."

மதாம்னா அவரு சம்சாரம். "ஜாம்ஜாம்னு போவீங்க முசே"ன்னு வாக்கு குடுத்துட்டேன்.

என்ஜின அவுத்தேன், கழுவுனேன், பிஸ்டன் மாத்துனேன். எல்லாம் நான்தான். கேம்கிட்ட வந்து நின்னுட்டேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன். என்ஜினுக்கு ரெண்டு வால்வு. ஒண்ணு பெட்ரோல உள்ள விடும், இன்னொண்ணு புகைய வெளிய அனுப்பும். எத எப்பத் தொறக்கணும்னு பாத்துக்குற ஆளுதான் கேம். கல்யாண வீட்டுல பந்திக்கு ஆள் விடுறவரு மாதிரி. சாப்புட்டவன் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அடுத்த பந்திய உள்ள விட்டா என்னாகும்? எல விழும், சட்ட கிழியும். பிஸ்டனோட சேந்து சுத்துற கிராங்குல ஒரு சின்ன பல்சக்கரம், கேமுல ஒரு பெரிய பல்சக்கரம், ரெண்டும் சரியான பல்லுல கடிச்சாத்தான் பந்தி ஒழுங்கா நடக்கும். அதுக்கு கம்பெனியிலயே அடையாளம் போட்டிருப்பான். இதுல அது தேஞ்சு மொழுக்கட்டயா இருந்துச்சு.

நான் தலையச் சொறிஞ்சேன். ரியாஸ் ஒரு அட்டப்பெட்டிய வட்டமா வெட்டி, வினோவோட பழைய ஜாமெண்டரி பாக்ஸ்லேர்ந்து கோணமானிய வாங்கி டிகிரி டிகிரியா கோடு போட்டு, சைக்கிள் கம்பிய முள்ளா வச்சு, அர நாள் குந்திட்டான். (வினோ என் தங்கச்சி. கதையில முக்கியமான ஆளு, மறந்துடாதீங்க.)

"என்னடா, என்ஜினுக்கு ஜாதகம் கணிக்கிறியா?"

"ஆமா மாப்ள. எட்டாம் எடத்துல நீ உக்காந்திருக்க. அதான் தோஷம்."

கடைசியில பல்லக் கண்டுபுடிச்சுட்டான். வினோவோட செவப்பு நெயில் பாலிஷால ரெண்டு சக்கரத்துலயும் கடுகு மாதிரி ஒரு புள்ளி வச்சான். கேம் தண்டுக்குப் போடுற புஷ்னு ஒரு வளையம் வர வேண்டியிருந்ததால கேம மறுபடி கழட்டி வச்சோம்.

"செவப்பும் செவப்பும் மூக்கோட மூக்கு இடிக்கணும், அவ்ளோதான். ஒரு பல்லு தள்ளுனாலும் காரியம் கெட்டுச்சு. மாட்டுனதும் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணும். அப்புறந்தான் கிக்கு. விஜயதசமி அன்னிக்கு காலையில பத்து மணிக்கு நான் வந்து மாட்டுறேன், இன்ஷா அல்லா."

முசே பக்கத்துல நின்னுக்கிட்டு, "முதல் கிக்கு நீதான் அடிக்கணும் ரியாஸ்"ன்னாரு.

எனக்கு வயித்துல பேட்டரி தண்ணிய ஊத்துன மாதிரி இருந்துச்சு. என் கடை. என் ஸ்பேனரு. கோழி எச்சத்த சொரண்டுனது என் நகம். முதல் கிக்கு அவனுக்கா? நாளைக்கு ஊர்ல இது ரியாஸ் கடைன்னு ஆயிடும். ஆவ விட மாட்டேன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

ஆயுத பூஜை வந்துச்சு. கடைய கழுவி, தோரணம் கட்டி, எல்லாச் சாமானையும் சாமி படத்துக்கு முன்னாடி பேப்பர்ல பரப்புனேன். வினோ சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமா வந்தா. நான் முதலாளி தோரணையில, "ஒரு பொருள் விடக் கூடாது. எல்லாத்துக்கும் வை"ன்னு உத்தரவு போட்டேன். சொன்ன பேச்சு கேக்காத கழுத, அன்னிக்குன்னு பாத்து அப்படியே கேட்டா.

பூஜையில வச்ச ஆயுதத்த மறுநாள் காலையில மறுபூஜை போட்டுத்தான் தொடணும். நான் ஆறு மணிக்கே போயி, ஒரு சூடத்தக் கொளுத்தி, மூணு சுத்து சுத்துன கையோட ஸ்பேனரத் தூக்கிட்டேன். ரியாஸ் வர்றதுக்குள்ள மாட்டி முடிச்சு, கிக்கும் அடிச்சு, கால் மேல கால் போட்டு டீ குடிக்கணும். அதான் திட்டம்.

கேம் சக்கரத்த எடுத்தேன். பல்லு ஓரமா, பெருசா, எண்ணெயில ஊறி பளபளன்னு செவப்பு. கிராங்கு சக்கரத்தப் பாத்தேன். அதுலயும் செவப்பு. 'அடேங்கப்பா, நல்லா தெரியிற மாதிரிதான் வச்சிருக்கான்'னு மனசுக்குள்ள பாராட்டக் கூட செஞ்சேன். யோசிச்சுப் பாருங்க. ஸ்பேனர்ல பொட்டு. ஜாக்கில பொட்டு. காத்தடிக்கிற மிஷின்ல பொட்டு. என் நெத்தியில பொட்டு. ஆனா பல்சக்கரத்துல இருந்தது மட்டும் எனக்கு ரியாஸ் வச்ச அடையாளமா தெரிஞ்சுது. பொறாமை கண்ண மறைக்கும்னு சொல்லுவாங்க. எனக்கு மறைக்கல. இல்லாதத காட்டுச்சு.

மூக்கோட மூக்கு இடிச்சேன். மூடிய மூடி போல்ட்ட முறுக்குனேன். கையால ரெண்டு சுத்து சுத்தணுமேன்னு ஞாபகம் வரயில வாசல்ல முசே கார் வந்து நின்னுச்சு. மணி எட்டர. ஆசையில ஒன்றர மணி நேரம் முன்னாடியே வந்துட்டாரு மனுஷன். மதாம் பட்டுப்பொடவ, தல நெறைய மல்லிப்பூ. பின்னாடியே எங்கம்மா, வினோ, எதுத்தாப்புல டீக்கடை ஆளுங்க, எல்லாரும் கூடிட்டாங்க.

"ரியாஸ் வரட்டுமேப்பா."

"அவன் எதுக்கு முசே? வேலைய முடிச்சது நானு."

கிக்கர மிதிச்சேன். கல்லு மாதிரி நின்னுச்சு. அந்த என்ஜினு கையெடுத்துக் கும்பிட்டு 'வேணாம்டா'ன்னு சொன்ன எடம் அது. நான் ரெண்டாவது தடவ மிதிச்சேன். உள்ள 'ணங்'குன்னு ஏதோ கேட்டுச்சு. அத்தன பேரு பாக்குறாங்களே, நிறுத்த முடியுமா? மூணாவது தடவ எம்பி, மொத்த ஒடம்பையும் கால்ல எறக்குனேன்.

டமார்!

கார்ப்பரேட்டர் வழியா நெருப்பு வந்து என் புருவத்த நலம் விசாரிச்சுது. சைலன்சர் போட்ட சத்தத்துல தோரணம் அறுந்து விழுந்துச்சு. (பிளக்குல பொறி அடிக்கிற நேரமும் அதே சக்கரத்தோட கையிலதான்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.) கிக்கரு திருப்பி ஒதச்ச ஒதயில நான் பறந்துபோயி, கஸ்டமருக்கு குடுக்க வாங்கி வச்சிருந்த பொரி மூட்டையில உக்காந்தேன். மூட்ட கிழிஞ்சு கடை பூரா பொரி. மதாம் "மொந்தியே!"ன்னு நெஞ்சப் புடிச்சாங்க. (கடவுளேன்னு அர்த்தமாம்.) கணுக்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிடுச்சு. நான் அழல. புக கண்ணுல பட்டுச்சு, அவ்ளோதான்.

முசே கெளம்பயிலயே ரியாஸுக்கு போன் பண்ணிட்டாராம், சரியா அந்த நேரத்துல வந்து எறங்குறான். நாய் ஓடிப்போயி அவன் கால் சந்துல ஒளிஞ்சுக்கிச்சு.

அவன் நேரா என்ஜின்கிட்ட குந்துனான். கையால மெதுவா சுத்திப் பாத்தான். உதட்டப் பிதுக்குனான். மூடியக் கழட்டுனான். எண்ணெய் செவப்பா வழிஞ்சுது. வெரல்ல தொட்டு மோந்து பாத்தான். நிமிந்து என் நெத்தியப் பாத்தான். அப்புறம் வினோ கையில இருந்த குங்குமச் சிமிழப் பாத்தான்.

"மாப்ள…" குனிஞ்சு காதுல கேக்குறான். "பொட்டா?"

"நீ வச்ச புள்ளின்னு நெனச்சேன்டா."

வினோ அந்தப் பக்கத்துலேர்ந்து, "நடுவுல ஓட்டையா இருந்துச்சு, ஓரத்துல வச்சேன். நீதான ஒண்ணையும் விடாதன்னு சொன்ன?"ன்னு கிசுகிசுக்கிறா. கிசுகிசுப்பு டீக்கடை வரைக்கும் கேட்டுருக்கும்.

"என்னப்பா ஆச்சு?"ன்னாரு முசே. மதாம் பொடவ தலப்ப முறுக்கிக்கிட்டு நிக்கிறாங்க.

ரியாஸ் எந்திரிச்சு நின்னான். "தப்பு என்னோடது முசே. அடையாளத்த ரொம்பச் சின்னதா வச்சுட்டேன். அவனுக்கு எப்படித் தெரியும்?"

கூட்டமே உருகிடுச்சு. எங்கம்மா, "புள்ளைக்கு எம்மாம் பெரிய மனசு பாரு"ன்னு மூக்கச் சிந்துனாங்க. டீக்கடைக்காரரு, "அதாங்க வளர்ப்பு"ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வேலையிலதான் அவன் மொத ஆளுன்னு பாத்தா, தப்பு பண்ணதுலயும் அவனேவா? தப்பு என்னோடது! நான் வெடிய காத்தால எந்திரிச்சு, கஷ்டப்பட்டு, தனி ஆளா பண்ண தப்பு!

பொரி மூட்டையில உக்காந்தபடியே கத்துனேன். "பொய் சொல்றான் முசே! தப்பு பூரா என்னோடதுதான்! அவன் வச்ச புள்ளிய விட்டுட்டு வினோ வச்ச குங்குமத்துக்கு டைமிங் வச்சவன் நானு!"

நாய் கூட தலையத் தூக்கி என்னப் பாத்துச்சு. அப்புறம் மதாம் சிரிக்க ஆரம்பிச்சாங்க. பட்டுப்பொடவையோட சுவத்துல சாஞ்சு, மல்லிப்பூ குலுங்கக் குலுங்க. அவங்களப் பாத்து முசே. முசேவப் பாத்து ரோடே. உண்மைய ஒத்துக்கிட்டியேன்னு என்னப் பாராட்ட ஒரு ஆளு இல்ல.

வால்வத் தள்ளித் தொறக்குற புஷ்ராடு ஒண்ணு வளஞ்சிருந்துச்சு, வால்வு தப்பிச்சுது. ரியாஸ் புஷ்ராட கண்ணாடி மேல உருட்டி உருட்டிப் பாத்து, மரச் சுத்தியால தட்டித் தட்டி நிமித்துனான். சக்கரத்த பெட்ரோல்ல கழுவுனா, குங்குமம் போயி, பொட்டுக்கு அஞ்சு பல்லு தள்ளி அவன் வச்ச கடுகு பாவமா முழிக்குது. நான் ஸ்டூல்ல உக்காந்து, மண்டபத்தூர் மீன்கார அக்கா குடுத்த ஐஸ்ல கால வச்சுக்கிட்டு வேடிக்க பாத்தேன். (ரெண்டு நாளைக்கு அந்தக் கால்ல மத்தி வாசன. அதுக்காக மட்டும் நாய் என் பக்கத்துல படுத்துச்சு.)

நாலர மணிக்கு வேலை முடிஞ்சுது. கையால ரெண்டு சுத்து. ரியாஸ் என்னப் பாத்து, "வா மாப்ள, உன் கடை, நீயே அடி"ன்னான்.

"கால் வலிக்குதுடா"ன்னேன். கால் வலிச்சது நெஜம். ஆனா காரணம் பயம்.

அவன் அடிச்சான். ஒரே கிக்கு. டப்… டப்… டப்னு நெதானமா, சாப்புட்டு முடிச்ச பெரிய மனுஷன் ஏப்பம் விடுற மாதிரி. மதாம் என் ஸ்டூல்ல ஏறி, முசே தோளப் புடிச்சுப் பின்னாடி உக்காந்தாங்க. கடற்கரைப் பக்கம் திரும்புற வரைக்கும் ரோடே பாத்துக்கிட்டு நின்னுச்சு. போறதுக்கு முன்னாடி முசே, "மெர்சி ரியாஸ்"ன்னாரு. (மெர்சின்னா நன்றி.) என்கிட்ட, "சுகு, ஒடம்பப் பாத்துக்கப்பா"ன்னாரு.

ரியாஸ் கடைன்னு பேரு வந்துடுமேன்னு பயந்தேன்ல? வரல. போர்டுல 'சுகு டூவீலர் ஒர்க்ஸ்'னுதான் இன்னும் இருக்கு. ஆனா வரிச்சிக்குடியில யார்கிட்ட வேணா வழி கேளுங்க, "பொட்டு மெக்கானிக்கா? நேராப் போயி சோத்துக்கைப் பக்கம்"ம்பாங்க. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வினோ சிமிழோட வந்து, "அண்ணே, இன்னிக்கு எத்தன டிகிரியில வைக்கட்டும்?"னு கேக்குறா. போன மாசம் அவளப் பொண்ணு பாக்க வந்தாங்க. நல்லா போயிக்கிட்டிருந்துச்சு. அம்மா வெத்தல பாக்கோட குங்குமத்த நீட்டுனப்ப, மாப்பிள்ளையோட சித்தப்பா எட்டி என் நெத்தியப் பாத்துட்டு, "தம்பிதானா அது?"ன்னாரு. அவங்க ஊரு திருவேட்டக்குடி. அது வரைக்கும் பேரு போயிருக்கு.

ரியாஸ் மறுபடி சார்ஜா போயிட்டான். இத எழுதி முடிச்சு, நோட்ட போட்டோ புடிச்சு பக்கம் பக்கமா அவனுக்கு அனுப்புனேன். நீ நல்லவன்னு வேற எழுதிருக்கேன், ஒழுங்கா படிச்சுட்டு சொல்லுடான்னேன். படிச்சுட்டான்னு நீல டிக் விழுந்துச்சு. அப்புறம் ஒத்த வரி வந்துச்சு:

"எல்லாம் கரெக்டா இருக்கு மாப்ள, அழலன்னு எழுதுன எடத்துல மட்டும் ஒரு பல்லு தள்ளிருக்கு."