ஒரே ஆள் சர்டிபிக்கேட்

ராஜபாய்க்கு எண்ணூற்று நாற்பத்தாறு வயது ஆகிறது என்று ஈப்போவிலிருந்து கடிதம் வந்திருந்தது.

எழுதியவர் வேறு யாருமல்ல, அவளைக் கட்டிய சற்குணம். மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்து, மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிக்கை வாசிக்கப் பொறுமையில்லாமல் காத்திருந்து, கட்டி, பத்தொன்பது நாள் கூட இருந்துவிட்டுக் கப்பலேறியவர். "பேப்பரெல்லாம் சரியாகட்டும்" என்பதுதான் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம்.

நந்தன்கோட்டு வீட்டில் கடிதத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தவர் ராஜபாயின் அப்பா சத்தியநேசன். திருவிதாங்கூர் சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் ரிக்கார்டு கீப்பராக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சூரியன் உதித்தால்கூட எந்த உத்தரவின்படி உதித்தது என்று கேட்டுவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார்.

"'தாங்கள் அனுப்பிய ஞானஸ்நானச் சீட்டில் பிறந்த வருஷம் 1090 என்று கண்டிருக்கிறது. இங்கத்த துரை அதை 1936-இலிருந்து கழித்துப் பார்த்து, உன் மனைவி எண்ணூற்று நாற்பத்தாறு வயதிலும் கப்பல் ஏறத் தெம்பாக இருக்கிறாளா என்று கேட்டுச் சிரித்தார். எனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. ராஜபாய்க்கு என் வாழ்த்துதல்.'"

மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா தாசம்மாள் அரிவாள்மணையிலிருந்தே கத்தினாள்.

"கொல்லவருஷம்ணு ஒண்ணு உண்டுண்ணு மருமவனுக்குத் தெரியாதா? அவரும் இந்த ராஜ்யத்துல பொறந்தவருதானே?"

"மாப்பிள்ளைக்குத் தெரியும்டி. தொரைக்குத் தெரியணும்லா? தப்பு நம்ம பேருலயாக்கும். இங்கிலீஷ் வருஷம் போட்டு வாங்கியிருக்கணும். எவ்வளவு கவனமா பாத்திருக்காரு பாரு. எங்க ஆபீசுல இருந்திருந்தா இதுக்குள்ள ஹெட் கிளார்க்கு ஆயிருப்பாரு!"

ராஜபாய் விரலை மடக்கி எண்ணினாள். இது பதின்மூன்றாவது கடிதம். அம்மை குத்திய சீட்டு, நன்னடத்தைச் சீட்டு, கண் பார்வைச் சீட்டு என்று ஒவ்வொரு கடிதமும் ஒவ்வொன்றைக் கேட்டு வாங்கியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ கப்பல் என்று நம்பி, கல்யாணம் முடிந்த மாதமே பள்ளிக்கூட வேலையை அவள் ராஜினாமா செய்திருந்தாள். அவள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது வேறொருத்தி. சபையில் அவளுக்கு மூன்று முறை வழியனுப்பு ஜெபம் நடந்துவிட்டது. முதல் தடவை கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை காப்பி மட்டும். மூன்றாம் தடவை ஜெபம் மட்டும், அதுவும் சுருக்கமாக.

"கப்பல் ராஜபாய் வருதா பாரு" என்று பெண்கள் பக்கத்து பெஞ்சில் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் முணுமுணுத்தார்கள்.

சத்தியநேசன் மறுநாளே பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் மிச்சத்துக்குக் காலிலுமாகத் தெற்கே போய், ராஜபாய்க்கு ஞானஸ்நானம் கொடுத்த முள்ளங்கோட்டுவிளைச் சபையில் இறங்கினார். அங்கே புதிதாக வந்திருந்த உபதேசியார் கணக்கில் புலி.

"கொல்லவருஷத்தோட எண்ணூத்தி இருபத்தினாலைக் கூட்டணும். அவ்வளவுதானே சாரே? இதுக்கு இம்புட்டு தூரம் நடக்கணுமா?" என்று கூட்டிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்.

ஜனவரி பிறந்துவிட்டால் இருபத்தினாலு அல்ல, இருபத்தைந்து கூட்ட வேண்டும். புலிக்கு அது தெரியாது. ராஜபாய் பிறந்தது 1090 கார்த்திகை, ஞானஸ்நானம் அதே 1090 தை. புலி இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போட்டது. 1914 நவம்பரில் பிறந்த குழந்தைக்கு 1914 ஜனவரியிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது.

சீட்டு ஈப்போவுக்குப் போய்ப் பதில் வந்த பிறகுதான் இது வீட்டில் தெரிந்தது. 'உண்டாகாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை எந்தச் சபை என்று இங்கே விசாரிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார் சற்குணம்.

தாசம்மாள் மூக்கில் விரலை வைத்தாள். "ஜனவரியிலயா? அப்போ எனக்கு மசக்கைகூட இல்லியே! இவ எங்க இருந்தாண்ணு யாருக்கும் தெரியாதே!"

"சும்ம கெட. அதுக்கு ஒரு வழியும் அவரே சொல்லியிருக்காரு. சபைச் சீட்டை விட்டுட்டு, பள்ளிக்கூடச் சீட்டு அனுப்பச் சொல்லுதாரு. வழி சொல்லாம வெறுங்கடுதாசி போடமாட்டாரு எம் மாப்பிள்ளை."

ராஜபாய் படித்தது தெற்கே ஒரு மிஷன் போர்டிங்கில். அங்கே ஒரு வழக்கம். சீமையில் எந்தப் புண்ணியவதி ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புகிறாளோ, அவள் பெயரையே பிள்ளைக்கு வைத்து ரிஜிஸ்தரில் எழுதிவிடுவார்கள். தன் பெயரில் ஒரு குழந்தை கஞ்சி குடிக்கிறது என்று அந்த அம்மாளுக்கு சந்தோஷம், கஞ்சி கிடைத்ததென்று குழந்தைக்கு சந்தோஷம். ஆகவே பள்ளிக்கூடச் சீட்டு, 'மார்கரெட் பிளெட்ச்சர் என்னும் இம்மாணவி நன்றாகத் தைப்பாள், சுமாராகப் பாடுவாள்' என்று சொன்னது.

இரண்டு மாதத்தில் பதில். 'யார் இந்த வெள்ளைக்காரி? ஒரு மனைவி என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பெண்களுக்குப் பேப்பர் காட்டினால் நான் ஜெயிலுக்குப் போகவேண்டாமா? ராஜபாயும் மார்கரெட்டும் ஒரே ஆள்தான் என்று சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் எழுதித் தந்தால் நலம்.'

"நான் தைக்கத் தெரிஞ்சவளா ஆனதுதான் குத்தம்" என்றாள் ராஜபாய்.

"இல்ல மக்ளே, நியாயமான சந்தேகம்லா? நானே அந்த நாற்காலியில இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றார் சத்தியநேசன்.

கிராமத்துப் பார்வத்தியகாரரிடம் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். வரி பிரிப்பதிலிருந்து வழிமரம் எண்ணுவதுவரை அந்தக் கிராமத்துக்கு அவர்தான் சர்க்கார். விஷயத்தை முழுக்கக் கேட்டு, வெற்றிலையை முழுக்க மென்று, துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"செய்யலாம். ரெண்டு பேரையும் நேருல கொண்டுவாங்க."

"ரெண்டு பேரும் ஒண்ணுதான் சாரே. இதோ நிக்குதால்லா."

"ஒண்ணா ரெண்டாண்ணு நான்லா பாத்துச் சொல்லணும்? ஒருத்தியை மட்டும் கொண்டுவந்து நிறுத்திட்டு ரெண்டும் ஒண்ணுண்ணா, நான் எதோட எதை ஒத்துப் பாக்க?"

முப்பது வருஷ ரிக்கார்டு கீப்பருக்கு இந்த வாதம் மிகவும் பிடித்துவிட்டது. "சட்டப்படி சரியாக்கும்" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

கடைசியில் ராஜபாய் ஒரு வாசல் வழியாக உள்ளே வந்து, "நான் ராஜபாய்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே போனாள். வீட்டைச் சுற்றி, எருக்குழியைத் தாண்டி, பின்வாசல் வழியாக வந்து, "நான் மார்கரெட் பிளெட்ச்சர்" என்று சொல்லி மறுபடி கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் தடவை வந்தபோது கண் கலங்கியிருந்தது. அதையும் பார்வத்தியகாரர் கவனித்துக் குறித்துக்கொண்டார்.

சர்டிபிக்கேட்டை எழுதி முடித்து வாசித்தார். "'மேற்படி இரு பெண்களையும் தனித்தனியே நேரில் கண்டேன். நிறம், உயரம், ஜாடை ஒன்றே. இரண்டாமவள் சற்றுத் துக்க முகம்.'"

"ஒரே ஆள்ணு எழுதலியே சாரே!"

"கண்டதைத்தான் எழுத முடியும். மத்ததை வாசிக்கவங்க புரிஞ்சுக்கிடுவாங்க."

வாசித்தவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். ராஜபாய்க்கு ஓர் இரட்டைச் சகோதரி இருப்பதைக் கல்யாணத்தின்போது மறைத்ததற்காக சற்குணம் மிகவும் வருந்தி எழுதியிருந்தார். 'ஒரே ஜாடையில் இருவர் இருக்கையில், வருகிறது எவள் என்று இங்கத்த சர்க்கார் கேட்குமே. அந்த இன்னொருவள் இப்போது எங்கே, என்ன நிலையில் இருக்கிறாள் என்பதற்கு ஆதாரம் அவசியம்.'

தாசம்மாள் கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் முறைத்தாள்.

"நான் பெத்தது ஒண்ணு. சர்க்கார் பெத்தது ஒண்ணா?"

"பதறாத. ரிக்கார்டுல ஏறின ஆளை ரிக்கார்டுலதான் இறக்கணும்" என்றார் சத்தியநேசன்.

மூவரும் போர்டிங்குக்கே போனார்கள். தலைமை ஆசிரியை சுசீலாபாய் நல்ல மனுஷி. ராஜபாயைச் சின்ன வயதில் மடியில் வைத்துப் பேன் பார்த்தவள். பழைய ரிஜிஸ்தரை எடுத்து மார்கரெட் பிளெட்ச்சரை அடித்துவிட ஒப்புக்கொண்டாள். ஆனால் பெயரை அடித்தால் எதிரே காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்துக்கு மிஷன் மூன்றே காரணங்களை அனுமதித்திருந்தது: விவாகம், சபை மாற்றம், மரணம்.

"விவாகம்ணு போடவா?" என்று கேட்டாள் சுசீலாபாய்.

"போடாதீங்கம்மா! அப்போ எம் மாப்பிள்ளைக்கு ரெண்டு பெண்சாதி ஆயிரும்."

"சபை மாத்தம்?"

"எந்தச் சபைண்ணு கேட்டு எழுதுவாரே."

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. சுசீலாபாய் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு ராஜபாயைப் பார்த்தாள். ராஜபாய் தலையாட்டினாள். தன் மரணத்துக்குத் தானே சம்மதம் சொல்லி, அந்தச் சீட்டைத் தானே மடித்து உறையில் போட்டு, உறையைத் தானே நக்கி ஒட்டிய முதல் பெண் திருவிதாங்கூரில் அவள்தான்.

வரும் வழியில் தாசம்மாளுக்குத்தான் திடீரென்று உறைத்தது. "ஏங்க, ரெண்டும் ஒரே ஆளுண்ணு ஒரு வருஷமா அலைஞ்சோம். இப்போ அதுல ஒருத்தி செத்துட்டா. அப்போ எம் மவ?"

சத்தியநேசன் நடையை எட்டிப் போட்டார். பதில் சொல்லியிருந்தால் அவருக்கே பயமாயிருந்திருக்கும்.

பதினேழாவது கடிதம் கறுப்புக் கரை போட்ட காகிதத்தில் வந்தது. 'அன்பு மைத்துனி மார்கரெட்டின் மரணச் செய்தி என் நெஞ்சைப் பிளந்தது. அவளை ஒரு முறையேனும் காணக் கொடுத்துவைக்கவில்லை. இந்த வேளையில் பிரயாணப் பேச்சை எடுப்பது துக்க வீட்டுக்கு அழகல்ல. ஒரு வருஷம் கழியட்டும்.'

"பாத்தியா, பாத்தியா! பிறக்காத மைத்துனிக்கு இவ்வளவு மரியாதை. பிறந்திருந்தா என்ன செய்திருப்பாரு!" சத்தியநேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு வருஷமும் கழிந்தது. ராஜபாய் பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்து உதறினாள். மடிப்பு மடிப்பாகப் பட்டு விட்டுப்போயிருந்தது. அதை மறுபடி மடிக்காமல் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, இனி கடுதாசி எழுதண்டாம். நேரா போயி டிக்கெட் எடுப்போம்."

"மாப்பிள்ளையைக் கேக்காமலா?"

"கேட்டா இன்னொரு பேப்பர் வேணும்ணு எழுதுவாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. அங்கத்த சர்க்கார் அவரை அப்படிப் போட்டு அலைக்கழிக்குது. நாம எல்லாத்தையும் கையோட கொண்டுபோயி நிண்ணா அவருக்கும் இந்தச் சள்ளை தீரும்லா? பாவம், அஞ்சு வருஷமா அவரும் ஒத்தையில கெடக்காரு."

சத்தியநேசன் வாழ்நாளில் முதல் தடவையாக, உத்தரவு வராமலே ஒரு காரியம் செய்ய எழுந்தார். பேப்பரெல்லாம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தது. அதைத் தூக்க ஒரு ஆள் போதவில்லை. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சாலைக்கடைத் தெருவுக்கு நடந்தார்கள்.

அங்கே ஒரு மாடியில் கப்பல் டிக்கெட் ஏஜெண்டு ஆபீஸ். வேலாயுதன் என்கிற குமாஸ்தா உட்கார்ந்திருந்தான்.

"எவிடெ போகணும்? எத்தனை பேரு?"

"ஈப்போவுக்கு, பினாங்கு வழியா. ஒரே ஆள்" என்றார் சத்தியநேசன். "அதுக்கு சர்டிபிக்கேட்டும் இருக்கு."

பெட்டியைத் திறந்து அடுக்க ஆரம்பித்தார். மேஜை நிறைந்தது. பக்கத்து மேஜை நிறைந்தது. வேலாயுதனின் வெற்றிலைச் செல்லம் காணாமற்போனது. எழுந்து நின்றால்தான் அவன் தலை தெரிந்தது.

"இது என்ன சாரே, வஸ்து வழக்கா, சொத்துச் சண்டையா?"

"வழக்கில்ல தம்பி. எம் மவ ஈப்போவுல கெட்டியவர்கிட்ட போறா. மாப்பிள்ளை ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதி வாங்கினது. பதினேழு கடுதாசி! இதுக்கு மேல ஒரு பேப்பர் கேக்க முடியுமா, பாருங்க."

வேலாயுதன் பார்த்தான். எண்ணூற்று நாற்பத்தாறு வயதைப் பார்த்தான், உண்டாகுமுன் ஞானஸ்நானத்தைப் பார்த்தான், மார்கரெட்டின் மரணத்தைப் பார்த்தான். பார்த்ததையெல்லாம் மரியாதையாகத் திரும்ப மடித்து, பெட்டிக்குள் வைத்து, மூடியையும் மூடினான்.

"இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டாள் ராஜபாய்.

"இதொண்ணும் வேண்டாம் அம்மா, கப்பலிலயும் கேக்கமாட்டா, கரையிலயும் கேக்கமாட்டா. மாசா மாசம் எத்தனை பெண்சாதிமாரை ஏத்தி விடுதோம்! 'பொறப்பட்டு வா'ண்ணு கெட்டியவன் கைப்பட எழுதின ஒரு வரி மதி, அது போதும். பதினேழு கடுதாசி வந்திருக்குல்லா, அதுல ஏதாவது ஒண்ணை எடுங்க."